கருங்கல்லைக் காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்த்த கதை

எல்லாம் ஒரு எலுமிச்சை மூடியில் ஆரம்பித்தது.

அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை, மூன்றுக்கும் ஒவ்வொரு துண்டு கொண்டுவந்து பெயர் எழுதி ஒட்ட வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவள் சமையல் மேடையைத் தட்டிப் பார்த்து, “மாமா, இது கிரானைட்டுதானே? தீப்பாறைன்னு எழுதிடவா?” என்றாள். எழுது என்றேன். கீழே பாத்திரம் அடுக்கும் கடப்பாக்கல்லைக் காட்டி, “இது?” என்றாள். அதுவும் கறுப்பாகத்தானே இருக்கிறது என்ற தைரியத்தில், “அதுவும் தீப்பாறைதான்” என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை, பிழிந்த எலுமிச்சை மூடி ராத்திரி முழுக்கக் கடப்பாக்கல் மேல் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. எடுத்தால் வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு. துடைத்தாலும் போகவில்லை. பக்கத்துக் கறுப்பு மேடையிலும் சாறு சிந்தியிருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கடப்பாக்கல்லின் ஓரத்தை ஆணியால் சுரண்டி, அந்தத் தூளில் வினிகர் விட்டேன். நுரைத்தது. புளிப்புக்கு நுரைப்பது சுண்ணாம்புக்கல்! கர்நூல், கடப்பா வட்டாரத்தில், ஓடுள்ள உயிர்கள் தோன்றுவதற்கும் முன்பிருந்த ஒரு கடலின் அடியில் படிந்த சேறு அது. கறுப்பு நிறத்துக்குக் காரணம் அதில் கலந்திருக்கும் கரிமப் பொருள். எரிமலைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

“நீங்கதானே தீப்பாறைன்னீங்க?” என்று அவள் கேட்ட கேள்வி உறைத்தது. கல்லின் நிறத்தை வைத்துப் பேசக் கூடாது, உள்ளே பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அப்படிப் பார்க்க வழி இருக்கிறது. கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துவிட்டால் எந்தக் கருங்கல்லும் கண்ணாடி மாதிரி ஒளியை விடும். நாம் பிரிண்ட் எடுக்கும் ஏ4 தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்கு. ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1849 வாக்கில் இப்படித் தேய்த்துப் பார்க்க ஆரம்பித்தார். மலையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதாவது என்று சிரித்தார்களாம். இன்றைக்கு உலகத்தில் எந்தப் பாறையியல் ஆய்வகத்துக்குப் போனாலும் இதே முறைதான். இயந்திரம் செய்வதை நான் கையால் செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆறு வாரம் ஆனது.

வாங்கியது, பொறுக்கியது எல்லாவற்றையும் முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடையில் எட்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர வெட்டுத் துண்டு. தேய்ப்பதற்குக் கார்பரண்டம் பவுடர் நான்கு நம்பர்: 220, 400, 600, 1000. நம்பர் ஏற ஏறப் பொடி மெல்லிசாகும். மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒரு பெட்டி. தெளிவான எபாக்ஸி பசை. அம்பாலாவில் செய்த பழைய மாணவர் மைக்ராஸ்கோப் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தது, அடியில் கண்ணாடி வைத்து வெளிச்சம் திருப்புகிற வகை. ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற போலரைசர் தாளும் வேண்டும், அதற்குக் காயலான் கடையில் செத்த கம்ப்யூட்டர் மானிட்டர் ஒன்றை வாங்கினேன். எல்சிடி திரையின் முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு போலரைசர் தாள் ஒட்டியிருக்கும். முடி உலர்த்தும் டிரையரால் சூடு காட்டினால் மெதுவாக உரிந்து வரும், ஒட்டியிருக்கும் பசையைத் தின்னரால் துடைக்கலாம். முன்பக்கத் தாள் கூசாமல் இருப்பதற்காகச் சொரசொரப்பாக இருக்கும், படம் மங்கும். பின்பக்கத் தாளைக் கத்தரித்துக்கொண்டேன். இரண்டு துண்டை ஒன்றன் மேல் ஒன்று வைத்துத் திருப்பினால் ஒரு கோணத்தில் கும்மிருட்டாகும். அதுதான் சோதனை.

அப்புறம் ஒரு பழைய பெயிண்ட் வாளி. தேய்த்த சேறு, கழுவிய தண்ணீர் எல்லாம் அதில்தான் போக வேண்டும். சிங்க்கில் ஊற்றினால் குழாய் வளைவில் இறுகிப் போகும், பிளம்பர் வந்தால்தான் தீரும். இன்னொரு காரணமும் உண்டு. கல்தூள் நுரையீரலுக்கு ஆகாது. குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்கிறவர்களுக்கு வரும் சிலிகோசிஸ், மூச்சோடு போன குவார்ட்ஸ் தூளால் வருவது. (மணலில் நிறைய இருக்கும் கெட்டிக் கனிமம்தான் குவார்ட்ஸ்.) அதனால் வெட்டினாலும் தேய்த்தாலும் ஈரமாகவே. காய்ந்த கல்லை வீட்டுக்குள் யாரும் தேய்க்க வேண்டாம்.

கற்கள் நான்கு. ஒன்று, கிரானைட் கடையில் மேடைக்கு வெட்டியதுபோக விழுந்த கறுப்புத் துண்டு. இரண்டு, அரியலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஓடை ஓரத்தில் எடுத்த சிப்பிச் சுண்ணாம்புக்கல். மூன்று, சென்னைப் புறநகரில் இடித்த பழைய வீட்டின் கடைக்காலிலிருந்து வந்த கருங்கல், கட்டட வேலையில் புளூ மெட்டல் என்பார்களே அதே கல். நான்கு, எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கிணறு தோண்டிக் குவித்திருந்த செம்மணற்கல். நான் இருப்பது திண்டிவனம் பக்கம். திருவக்கரை கல்மரப் பூங்கா கிட்டத்தில்தான் இருக்கிறது, அங்கே ஒரு துணுக்குக்கூட எடுக்கவில்லை. அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம், கை வைக்கக் கூடாது.

கடையில் கட்டிங் மெஷின் ஓட்டும் அண்ணனிடம், இதையெல்லாம் பிஸ்கட் மாதிரி வெட்டித் தர முடியுமா என்று கேட்டேன். “என்னா சார், மோதிரத்துக்கா?” என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் விட்டு வெட்டிக் கொடுத்தார். தபால் தலை அகலம், ஐந்து மில்லிமீட்டர் தடிமன். அவரிடமே ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். கடைக்காரர்களுக்குப் பளபளப்பு ஏறுகிற கெட்டிக் கல் எல்லாமே கிரானைட்தான். கறுப்பு, பச்சை, வரி போட்டது, பொட்டு வைத்தது, எல்லாம். காஷ்மீர் ஒயிட் என்று ஒரு கல் வைத்திருந்தார், வெள்ளையில் சிவப்புப் புள்ளி. காஷ்மீரிலிருந்தா வருகிறது என்றேன். “மேலூர்ல இருந்து சார், மதுரை மேலூர்” என்றார்.

முதல் தவறு, பவுடர் வரும்வரை பொறுக்காதது. வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வால்வ் தேய்க்கும் பேஸ்ட் கிடைக்கும், அதுவும் கார்பரண்டம்தானே என்று வாங்கி வந்து கறுப்புக் கல்லை இரண்டு நாள் தேய்த்தேன். முகம் அருமையாக வந்தது. ஸ்லைடில் ஒட்டினேன், ஒரு நாள் காய வைத்தேன், மறுபக்கம் தேய்க்க ஆரம்பித்த பத்தாவது நிமிடம் கல் தனியே, ஸ்லைடு தனியே. அந்த பேஸ்ட்டில் இருப்பது எண்ணெய். கல்லின் கண்ணுக்குத் தெரியாத விரிசலிலெல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டது, பசை எப்படிப் பிடிக்கும்? அந்தத் துண்டு குப்பைக்குப் போனது. தண்ணீரில் கலக்கும் பவுடர்தான் சரி.

பவுடர் வந்தபின் செய்த முறை இது. கண்ணாடி மேல் ஒரு சிட்டிகை 220, நாலு சொட்டுத் தண்ணீர். கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுவிட்டு, எட்டு போடுகிற மாதிரி தேய்க்க வேண்டும். கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் மறைந்தால் முகம் சமமாகிவிட்டது என்று அர்த்தம். நடுவில் மட்டும் கோடு மிச்சமிருந்தால் அங்கே குழி. முதலில் கர கர என்று கத்தும், பவுடர் நொறுங்க நொறுங்கச் சத்தம் இறங்கி, சந்தனம் அரைக்கிற மாதிரி வழுவழுவென்று ஆகும். அப்போது கழுவி, புதுப் பவுடர். 220 முடிந்து 400-க்குப் போகும்போது கல், கண்ணாடி, கை, நக இடுக்கு எல்லாவற்றையும் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். முரட்டுப் பவுடர் ஒரே ஒரு மணி தங்கினாலும் நெடுகக் கீறிவிடும்.

1000 முடிந்ததும் கல்லைத் தோசைக்கல்லில் வைத்துச் சிறு தீயில் ஈரம் போகச் சூடேற்ற வேண்டும். (அம்மாவுக்குத் தெரியாமல்.) ஸ்லைடையும் 600-இல் லேசாகத் தேய்த்து மங்கலாக்கிக்கொண்டால் பசை நன்றாகப் பிடிக்கும். பசையை மெதுவாகக் கலக்க வேண்டும், அவசரமாகக் கலக்கினால் குமிழி. ஒட்டியதும் ஸ்லைடைக் கவிழ்த்துச் சாய்வாக வெளிச்சத்தில் பார்த்தால் குமிழி இருக்குமிடம் வெள்ளிப் பொட்டாக மினுங்கும். அழுத்தி நகர்த்தி ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தொடக் கூடாது.

இனிதான் பொறுமைக்குச் சோதனை. ஐந்து மில்லிமீட்டர் கல்லை 0.03-க்குக் கொண்டுவர வேண்டும். கறுப்புத் துண்டுக்கு மூன்று சாயங்காலம் பிடித்தது. கட்டைவிரல் அழுத்துகிற பக்கம் சீக்கிரம் தேயும், ஸ்லைடு ஆப்பு மாதிரி ஆகிவிடும். அடிக்கடி திருப்பி, தடித்த பக்கம் மட்டும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். முதல் வெளிச்சம் ஊடுருவியபோது கல் அழுக்குத் தேன் நிறத்தில் தெரிந்தது. கறுப்புக் கல்லுக்குள் கறுப்பு கொஞ்சம்தான்!

தடிமனை எப்படி அளப்பது? வெர்னியர் இந்த அளவுக்கு உதவாது. ஆனால் கல்லுக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது. இரண்டு போலரைசர் தாளைக் குறுக்காக வைத்து நடுவில் ஸ்லைடை நுழைத்தால், பெரும்பாலான படிகங்கள் தம் வழியே போகும் ஒளியை இரண்டாகப் பிரித்து வேறுவேறு வேகத்தில் அனுப்பும். இரண்டும் மேல் தாளில் மறுபடி சேரும்போது நிறம் பிறக்கும். எந்த நிறம் என்பது படிகத்தையும் தடிமனையும் பொறுத்தது. குவார்ட்ஸ் தடிமனாக இருக்கும்போது பச்சை, நீலம். தேயத் தேய மெஜந்தா, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. 0.03 வந்ததும் வெளிறிய சாம்பல். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். குவார்ட்ஸ் கைகொடுக்காத கல்லில், கருங்கல்லில் நிறைய இருக்கும் இன்னொரு கனிமமான ஃபெல்ட்ஸ்பாரைப் பார்க்கலாம், அதன் நிறக் கணக்கும் ஏறக்குறைய இதேதான். தோசை பதம் பார்ப்பது மாதிரி, நிறத்தை வைத்தே இறக்குவது.

கறுப்பு “கிரானைட்” முதலில் தயாரானது. போனை ஐபீஸில் வைத்துப் படமெடுத்து அக்கா மகளுக்குக் காட்டினேன். வரிக்குதிரைத் தோல் போல் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட நீளக் குச்சிகள், ஒரு கட்டுத் தீக்குச்சியைத் தரையில் கொட்டியது மாதிரி ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவை பிளேஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார். குச்சிகளுக்கு நடுவிலிருந்த சந்துகளை நீலமும் ஆரஞ்சுமாக ஒரு கனிமம் நிரப்பியிருந்தது, அது பைராக்சீன். அங்கங்கே எப்படித் திருப்பினாலும் கறுப்பாகவே நிற்கும் துணுக்குகள், மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். சந்தேகத்துக்கு நூலில் ஒரு பட்டன் காந்தத்தைக் கட்டித் துண்டின் பக்கம் கொண்டுபோனேன். லேசாகச் சாய்ந்தது.

இது கிரானைட் இல்லை, டோலரைட். கிரானைட் என்றால் குவார்ட்ஸ் கண்ணில் அடிக்கிற மாதிரி நிறைய இருக்க வேண்டும், இதில் கிட்டத்தட்ட இல்லை. எங்கள் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் குன்னம் பிளாக் என்று விற்கும் கறுப்புக் கல்லெல்லாம் இந்த இனம்தான். பழைய பாறையில் விழுந்த நெடும் விரிசலில் 1,100 டிகிரிக்கும் மேல் கொதித்த பாறைக் குழம்பு ஏறி, அங்கேயே சுவர் மாதிரி இறுகியது. குச்சிகள் முதலில் வளர்ந்ததால் அவற்றுக்கு முழு உருவம் கிடைத்தது. பைராக்சீன் பிறகு வந்ததால் மிச்ச இடத்தில் அடங்கிக்கொண்டது. பந்தியில் பிந்தி வந்தவருக்குக் கிடைக்கிற இடம்தான். யார் முன்னே, யார் பின்னே என்பதைப் படிகத்தின் வடிவமே சொல்கிறது.

“அப்போ தீப்பாறைதானே? நான் எழுதினது சரிதானே?” என்றாள். சரிதான். பெயர்தான் தப்பு.

படிகம் ஏன் இந்த அளவு என்று கேட்டாள். பனங்கற்கண்டை எடுத்துக் காட்டினேன். பதநீர்ப் பாகை நூல் கட்டிய பாத்திரத்தில் பல வாரம் ஆடாமல் அசையாமல் வைத்தால் கட்டி கட்டியாக விளையும். அதே பாகைச் சட்டென்று ஆறவிட்டால் கமர்கட்டு, உள்ளே மணியே தெரியாது. குழம்பும் அப்படித்தான். அந்தச் சுவரிலேயே குளிர்ந்த பாறையைத் தொட்டுக்கொண்டிருந்த ஓரம் சீக்கிரம் ஆறியதால் பொடி மணி, நடுப்பகுதி நிதானமாக ஆறியதால் பெரிய மணி. தரைக்கு மேலே வந்து வேகமாக ஆறியிருந்தால் இதே குழம்பு பசால்ட் ஆகியிருக்கும், மும்பை, புனே பக்கத்துக் கறுப்பு மலைகள் மாதிரி.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லில் எனக்குக் கர்வபங்கம். டோலரைட்டுக்கு மூன்று சாயங்காலம் என்ற கணக்கில், இதையும் 220 போட்டுத் தேய்த்துக்கொண்டே போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடித்துப் பார்த்தால் ஸ்லைடில் பசைதான் இருந்தது, கல்லைக் காணோம். குவார்ட்ஸின் கடினம் பத்துக்கு 7, சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்டுக்கு 3. செம்புக் காசாலேயே ஏறக்குறைய கீறிவிடலாம். இரண்டாவது துண்டை 600-இல் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் தூக்கித் தூக்கிப் பார்த்து, அரை மணி நேரத்தில் முடித்தேன்.

பார்த்ததும் அவள் சொன்ன வார்த்தை, “மாமா, கோலம்!” பிறை மாதிரி வளைந்த சிப்பி ஓடுகளின் குறுக்குவெட்டு, அறை அறையாகச் சுருண்ட ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் கூடு, நடுவில் இவற்றையெல்லாம் ஒட்டவைத்த தெளிவான கால்சைட். ஒரே ஒரு போலரைசர் தாளை வைத்துக்கொண்டு ஸ்லைடைத் திருப்பினால், கால்சைட் மணிகளின் ஓரக்கோடு அழுத்தமாவதும் மங்குவதுமாகக் கண் சிமிட்டுகிறது. மற்ற பெரும்பாலான கனிமங்களில் இவ்வளவு துலக்கமாகப் பார்க்க முடியாது.

அரியலூர் வரைக்கும் கடல் இருந்தது என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதி, சுமார் 10 கோடி ஆண்டிலிருந்து 6.6 கோடி ஆண்டு முன்பு வரை, டைனோசர்கள் திரிந்த நாட்கள். அங்கே சிமென்ட் ஆலைகள் வரிசைகட்டி நிற்பதற்குக் காரணமும் இந்தக் கல்தான். ஆனாலும் ஒரு சிப்பியின் ஓடு அலையில் உடைந்த இடம்கூடக் கூராக அப்படியே இருப்பதைப் பார்ப்பது வேறு. தண்ணீர் ரொம்ப அலைக்கழித்திருந்தால் முனை மழுங்கியிருக்கும். இந்த ஓடுகள் உடைந்து அதிக தூரம் போகாமல் படிந்திருக்கின்றன.

மூன்றாவது கல், புளூ மெட்டல். ஆறு வாரத்தில் பாதி இதற்கே போனது, அதற்குத் தகுதியும் உண்டு.

புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியது மாதிரி நீலம் கலந்த சாம்பல். பல்லாவரம், பரங்கிமலை எல்லாம் இந்தக் கல்தான். இதன் பெயர் சார்னோகைட். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் குடியிருப்பைத் தொடங்கியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்கே புனித ஜான் தேவாலயத்தில் இருக்கிறது. அதன் மேலிருக்கும் பலகை நம் சென்னைப் பக்கத்துக் கல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறையை ஆராய்ந்து, 1893-இல் அந்தக் கல்லறைக்காரரின் பெயரையே வைத்துவிட்டார். இன்றைக்கு அண்டார்டிகாவில் இந்தப் பாறை கிடைத்தாலும் சார்னோகைட்தான். பல்லாவரைட் என்று வைத்திருக்கலாம், என்ன செய்வது.

தேய்ப்பது நரகம். முதல் நாள் இரண்டு மணி நேரம் தேய்த்தும் ஒளி வரவில்லை. கண்ணாடியே நடுவில் குழிந்துவிட்டது, கவிழ்த்துப் போட்டு மறுபக்கத்தில் தொடர்ந்தேன். மூன்றாம் நாள் குவார்ட்ஸ் மஞ்சளுக்கு இறங்கியது. அவசரப்பட்டு 400 போட்டேன், ஒரு மூலை உடைந்து போனது. மிச்சத்தை 1000-லேயே, சாமி கும்பிடுகிற பொறுமையோடு, வெள்ளை தாண்டிச் சாம்பலுக்குக் கொண்டுவந்தேன்.

டோலரைட்டில் பார்த்த குச்சிகள் இதில் இல்லை. எல்லா மணியும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்று மூன்றாக ஓரிடத்தில் சந்திக்கும் ஓரங்கள், தேன்கூட்டில் அறைகள் ஒட்டிக்கொண்டிருப்பது போல. முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்று பேதம் தெரியவில்லை. கல் திடமாக இருக்கும்போதே பெருஞ்சூட்டில் நெடுங்காலம் கிடந்து, மணிகள் ஒன்றையொன்று நெருக்கி மறுபடி வளர்ந்து, கடைசியில் இடத்தைச் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டால் இப்படித்தான் அமையும். குவார்ட்ஸ் மணி ஒன்றைத் திருப்பினேன். ஒழுங்கான குவார்ட்ஸ் முழுவதும் ஒரே சமயத்தில் இருள வேண்டும். இதில் இருட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மேக நிழல் மாதிரி நகர்ந்தது. அழுத்தத்தில் முறுக்குண்ட குவார்ட்ஸ்.

அப்புறம் மேல் தாளை எடுத்துவிட்டு, கீழ்த் தாளோடு மட்டும் பார்த்தபோது ஒரு மணி இளஞ்சிவப்பு. ஸ்லைடைக் கால் வட்டம் திருப்பினால் அதே மணி வெளிர் பச்சை. மறுபடி சிவப்பு. ஹைப்பர்ஸ்தீன்! சார்னோகைட்டை அடையாளம் காட்டுகிற கனிமம் இதுதான். தண்ணீர் அதிகம் இல்லாத, 700 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில்தான் இது இந்தக் கல்லில் நிலைக்கும். தண்ணீர் தாராளமாக இருந்திருந்தால் இதற்குப் பதில் தண்ணீரைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் ஹார்ன்பிளெண்டோ கறுப்பு மைக்காவோ வந்திருக்கும். சென்னைச் சார்னோகைட் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்கு 20, 25 கிலோமீட்டர் கீழே இப்படி வெந்தது. மேலே மூடியிருந்தது அத்தனையும் அரித்துப் போனதால்தான் இன்று அது ஜல்லியாகக் கிடைக்கிறது.

“சரி மாமா, தீப்பாறையா, உருமாறிய பாறையா?”

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஹாலண்ட் இதை உருகிய குழம்பிலிருந்து வந்த தீப்பாறை என்றுதான் எழுதினார். பிறகு வந்தவர்கள் உருமாறிய பாறை என்றார்கள். நூறு வருஷத்துக்கு மேல் இந்த வாதம் ஓடியிருக்கிறது. கர்நாடகத்தில் கப்பால்துர்கா என்ற இடத்தில், ஒரே பாறையில் நைஸ் என்ற வெளிறிய, வரியோடிய உருமாறிய கல் திட்டுத் திட்டாகக் கரும்பச்சைச் சார்னோகைட்டாக மாறிக்கொண்டிருந்த நிலையிலேயே உறைந்து நிற்கிறது. கார்பன் டை ஆக்சைடு நிறைந்த திரவம் விரிசல் வழியே புகுந்து தண்ணீரைத் துரத்தியதால் ஏற்பட்ட மாற்றம் என்பது அங்கே சொல்லப்படும் முக்கிய விளக்கம். அந்த இடத்தைப் பொறுத்தவரை உருமாற்றம் என்று தைரியமாகச் சொல்லலாம். வேறு இடங்களில் குழம்பாகவே வந்து சார்னோகைட்டாக உறைந்ததும் உண்டு. முதலில் குழம்பாக வந்து உறைந்து, பிறகு ஆழத்திலேயே மறுபடி வெந்ததும் உண்டு. என் ஸ்லைடில் இருக்கும் தேன்கூட்டு அமைப்பு கடைசியாக நடந்ததைக் காட்டுகிறது, அதாவது உருமாற்றத்தை. அதற்கு முன் அது என்னவாக இருந்தது என்பதை இந்தத் தபால் தலைத் துண்டை வைத்துச் சொல்ல முடியாது.

அவள் யோசித்து, லேபிளில் “தீப்பாறை?” என்று எழுதி அம்புக்குறி போட்டு “உருமாறிய பாறை” என்று முடித்தாள். அந்தக் கேள்விக்குறி எனக்குப் பிடித்திருந்தது. மதிப்பெண் போகுமோ என்று அக்காவுக்குத்தான் கவலை.

செம்மணற்கல்லில் வேறு வகைத் தொல்லை. தண்ணீர் பட்டதும் ஓரம் உதிர்ந்தது. நகத்தால் கீறினாலே மணல் வருகிற கல்லை எப்படித் தேய்ப்பது? எபாக்ஸியைக் கொஞ்சம் சூடாக்கித் தண்ணீராக இளக்கி, நன்றாகக் காய்ந்த கல்லைச் சூட்டோடு அதில் ஊறவைத்தேன். சந்துகளில் பசை இறங்கி இறுகியபின் கல் பிஸ்கட் மாதிரி கெட்டியானது. அதற்கப்புறம் வழக்கம் போல.

கடலூர் மணற்கல் என்று புவியியல்காரர்கள் சொல்லும் தொகுதி இது, திருவக்கரைக் கல்மரங்கள் புதைந்திருப்பதும் இதில்தான். ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல். ஸ்லைடில் குவார்ட்ஸ் மணிகள் முனை மழுங்கியும் மழுங்காமலும் கலந்து கிடந்தன, ஒவ்வொன்றைச் சுற்றியும் மருதாணி இட்டது மாதிரி பழுப்புச் சிவப்பு விளிம்பு. அது இரும்பு ஆக்சைடு. மணலை ஒட்டியது அதுதான், கல்லுக்குச் சிவப்பு கொடுத்ததும் அதுதான். ஒட்டாத இடங்களில் வெறும் துளை, இப்போது என் எபாக்ஸி.

பார்த்துக்கொண்டே இருந்த அவள், “மாமா, இங்க பாருங்க, இதுலயும் மேக நிழல் ஓடுது” என்றாள். ஒரு மணியைத் திருப்பிக் காட்டினாள். ஆமாம். சார்னோகைட்டில் பார்த்த அதே முறுக்கு, அதே நகரும் இருட்டு. இந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் அந்த ஒரு மணிக்குள் இருந்தது. மேற்கே உள்ள பழைய பாறை, சார்னோகைட்டோ நைஸோ, வெயிலிலும் மழையிலும் உதிர்ந்திருக்கிறது. ஃபெல்ட்ஸ்பாரில் பெரும்பாலானது களிமண்ணாகக் கரைந்து போயிருக்கிறது. குவார்ட்ஸ் மட்டும் கெட்டியாக நின்று ஆற்றோடு வந்து இங்கே மறுபடி கல்லாகியிருக்கிறது. உருமாறிய பாறையின் துண்டு படிவுப்பாறைக்குள். நான் ஆறு வாரம் தேய்த்ததில் எனக்கே தெரியாதது, அவள் கண்ணில் பட்டது.

நடுவில் இன்னொரு வேலையும் நடந்தது. வீடு வெள்ளையடிக்கும்போது அம்மாவின் ஆட்டுக்கல்லை நகர்த்தியதில் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதையும் தேய்த்தேன். தேன்கூடு, மேக நிழல், சிவப்பு பச்சை ஹைப்பர்ஸ்தீன் எல்லாம் இருந்தன. அதுவும் சார்னோகைட். இறுகப் பின்னிய மணிகளில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் வெவ்வேறு கடினம், அதனால் கொத்திய சொரசொரப்பு நெடுநாள் நிற்கிறது என்று அம்மாவிடம் விளக்கினேன். “கல் கொத்துறவர் வந்து எத்தனை வருஷமாச்சு, அது எப்பவோ வழுக்கிப் போச்சு. உடைச்ச இடத்தை ஒட்டிக் குடு” என்றார். ஒட்டவில்லை, சில்லில் பாதி ஏற்கெனவே சேறாகிவிட்டது.

அந்தச் சேறு இருக்கிறதே, வாளி. வேலையெல்லாம் முடிந்து தெளிந்த தண்ணீரை மேலாக இறுத்துவிட்டு, அடியில் படிந்ததை இரண்டு வாரம் மாடியில் காயவைத்தேன். குப்பையில் போடலாம் என்று வாளியைக் கவிழ்த்துத் தட்டினால் இட்லி மாதிரி முழுசாக விழுந்து, நடுவில் பிளந்தது. பிளந்த முகத்தில் வரி வரியாகப் படலம். அடியில் டோலரைட்டின் கரும்சாம்பல், அதன் மேல் விரல் நகத் தடிமனுக்குச் சுண்ணாம்புக்கல்லின் வெளிர் மஞ்சள், பிறகு சார்னோகைட்டின் தடித்த சாம்பல், உச்சியில் செங்கல் நிறம். தடித்த சாம்பல் பட்டையைத் தடவினால் உள்ளேயே இன்னும் மெல்லிய வரிகள், ஒவ்வொன்றிலும் கீழே நறநறவென்று 220, மேலே போகப் போக முகப்பவுடர் மாதிரி. நான் வாளியில் கொட்டிய ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வரி. மூன்றாம் நாள் அவசரப்பட்டு 400-க்குத் திரும்பியதுகூடப் பதிவாகியிருந்தது, மாவு மாதிரி வரிக்கு மேல் திடீரென்று ஒரு கீற்று முரட்டு மணல்.

அவள் அதைக் குப்பையில் போட விடவில்லை. பெட்டியில் நான்கு ஸ்லைடுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். ஆனால் எடுத்தால் உதிர்கிறது. மணற்கல்லுக்குச் செய்தது போலவே எபாக்ஸியில் ஊறவைத்திருக்கிறோம். இன்னும் இறுகவில்லை, அடுத்த சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.